வாக்கிங் முடிந்ததும் ஒரு ஸ்ட்ராங் காபி... உடல் எடை கூடுமா, குறையுமா?

காலை ஆறு மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லாத நேரம். காந்தி சிலையைத் தாண்டி டூப்ளே சிலை வரைக்கும் போய்த் திரும்புகிற கூட்டத்தில் என் அப்பாவும் ஒருவர். போக ஒன்றரை, வர ஒன்றரை என மொத்தம் சுமார் மூன்று கிலோமீட்டர் நடை. வேர்த்து விறுவிறுத்து முடித்ததும், கால்கள் தாமாகவே டீக்கடைப் பக்கம் திரும்பும்.

"மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு காபி!"

சூடான காபி வரும். பக்கத்துத் தட்டில் இருந்து ஓர் உளுந்து வடையும் வரும்.

போன வருடம் ரத்தப் பரிசோதனை செய்தபோது, "சுகர் பார்டர்ல இருக்கு, தொப்பையைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா ஒரு நாள்கூட வாக்கிங்கைத் தவறவிட்டதில்லை. ஆறு மாதம் ஆனது. எடை மெஷின் முள் அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. 'கறுப்புக் காபியில் அரை எலுமிச்சை பிழிந்து ஏழு நாள் குடியுங்கள், தொப்பை மாயமாய் மறையும்!' மறுநாளே இன்னொன்று. 'காபியை இன்றே நிறுத்துங்கள், இல்லையென்றால் சுகர் வரும்!'

"நீ பத்திரிகையிலதானம்மா இருக்க... இதுல எது உண்மைன்னு பார்த்துச் சொல்லு" என்றார் அப்பா. அவருக்காகத் தேடியதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கலாம்.

முதலிடத்தில் நம்ம புதுச்சேரி... ஆனால் பெருமைப்பட முடியாது!

காபிக்குப் போவதற்கு முன் ஒரு சின்னப் புள்ளிவிவரம். ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ம் ஆண்டு வெளியாகின. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில், நாடு முழுவதும் 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள்.

உடல் பருமனில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குத்தான். இந்திய அளவில் 28.6 சதவிகிதம் பேருக்கு உடல் பருமன் என்றால், புதுச்சேரியில் 53.3 சதவிகிதம். அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். வயிற்றுப் பருமன், அதுதான் நாம் செல்லமாகச் சொல்லும் தொப்பை, இந்திய அளவில் 39.5 சதவிகிதம், புதுச்சேரியில் 61.2 சதவிகிதம். இதிலும் நாம்தான் முதல். சர்க்கரை நோயில் கோவா 26.4 சதவிகிதத்தோடு முதலிடம் பிடிக்க, 26.3 சதவிகிதத்தோடு புதுச்சேரி மூச்சுவிடும் தூரத்தில் இரண்டாமிடத்தில் இருக்கிறது.

இதற்கெல்லாம் காபிதான் காரணமா? நிச்சயமாக இல்லை. சாப்பாடு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, தூக்கம், பரம்பரை என்று காரணங்கள் நிறைய. ஆனால், பாதிக்கு மேல் பேருக்கு எடைப் பிரச்னை இருக்கிற ஊரில், தினமும் நாலைந்து முறை கையில் எடுக்கிற டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்ப்பது அவசியம்தானே?

காபி கொழுப்பைக் கரைக்குமா?

கரைக்கும் என்று சொல்பவர்கள் காட்டும் ஆதாரம் கஃபைன். காபியில் நம்மைச் சுறுசுறுப்பாக்குகிற பொருள் இதுதான். கஃபைன் உள்ளே போனதும் உடல் சக்தியைச் செலவிடும் வேகம் கொஞ்சம் கூடுவது உண்மை. 100 மில்லிகிராம் கஃபைன், அதாவது ஏறக்குறைய ஒரு கப் ஃபில்டர் காபி, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 சதவிகிதம் கூட்டுகிறது என்று 1989-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் சங்கதி தெரியும். ஓய்வில் இருக்கும் ஒருவரின் உடல் நிமிடத்துக்குத் தோராயமாக ஒரு கலோரி செலவழிக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு 150 கலோரி. அதில் 4 சதவிகிதம் என்றால் வெறும் 6 கலோரி!

ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் எவ்வளவு தெரியுமா? 20 கலோரி. காபி கரைத்துத் தருவதைப்போல மூன்று மடங்கை அந்த ஒரு ஸ்பூன் சர்க்கரை திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அமெரிக்காவில் செவிலியர்கள், மருத்துவத்துறை ஊழியர்கள் என மூன்று பெரிய குழுக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. சர்க்கரை சேர்க்காத காபியைத் தினமும் ஒரு கப் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் ஏறிய எடை மற்றவர்களைவிட 120 கிராம் குறைவு. கவனியுங்கள், நான்கு ஆண்டுகளில் 120 கிராம்! அதே ஆய்வில், தினமும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு எடை 90 கிராம் அதிகமாக ஏறியிருந்தது. ஆக, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் காபி கொடுத்ததாகச் சொல்லப்படும் லாபமும் போய், நஷ்டக் கணக்கு ஆரம்பிக்கிறது.

எலுமிச்சை? அதைக் காபியில் பிழிந்தால் கொழுப்பு கரையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வைட்டமின் சி கிடைக்கும். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அது இன்னும் கூடலாம். அவ்வளவுதான். நெய், வெண்ணெய் போட்டுக் குடிக்கும் காபியும் அப்படித்தான். ஒரு டேபிள்ஸ்பூன் நெய்யிலேயே 100 கலோரிக்கு மேல் இருக்கிறது.

ஒரு டம்ளர்... நாலு கணக்கு!

பால், சர்க்கரை இல்லாத கறுப்புக் காபியில் ஒரு கப்புக்கு இரண்டு மூன்று கலோரிதான். அதனால் டிகாஷனைக் குற்றம் சொல்ல முடியாது. அதோடு சேர்வதுதான் விஷயம்.

நம் வீட்டு டம்ளரில் 100 மில்லி பால், 50 மில்லி டிகாஷன், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம்.

* 3 சதவிகிதக் கொழுப்புள்ள டோன்டு பால் என்றால் பாலில் சுமார் 60 கலோரி, சர்க்கரையில் 40. மொத்தம் 100.
* 6 சதவிகிதக் கொழுப்புள்ள கெட்டிப் பால் என்றால் பாலில் சுமார் 87, சர்க்கரையில் 40. மொத்தம் 127.

காலையில் எழுந்ததும் ஒன்று, டிபனுக்குப் பிறகு ஒன்று, ஆபீஸில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என நாலு காபி குடித்தால் டோன்டு பாலில் 400 கலோரி, கெட்டிப் பாலில் 500-க்கும் மேல். இது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். சாப்பிட்டதாக மனசில் பதியாமலே உள்ளே போகும் சாப்பாடு!

சர்க்கரையை மட்டும் தனியாகப் பாருங்கள். நாலு காபியில் எட்டு ஸ்பூன், 40 கிராம். ஒரு நாளைக்கு நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட், ஸ்வீட், கூல்டிரிங்ஸ் எதையும் தொடாமலேயே 25 கிராமைக் காபி ஒன்றே தாண்டிவிடுகிறது.

இப்போது அப்பாவின் காலைக் கணக்குக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவர் மூன்று கிலோமீட்டர் நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். கடைக் காபி ஏறக்குறைய 100. உளுந்து வடை ஒன்று, அளவைப் பொறுத்து 100-க்கு மேல். நடந்து செலவழித்ததைவிட, நடந்து முடித்து ஐந்து நிமிடத்தில் சேர்த்துக்கொண்டது அதிகம்! நடையால் இதயத்துக்கும் சர்க்கரை அளவுக்கும் கிடைக்கும் நன்மை வீணாகாது. ஆனால், எடை மெஷின் முள் ஏன் அசையவில்லை என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

"நாங்கள் நாட்டுச்சர்க்கரைதான் போடுகிறோம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாமே கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சொந்தக்காரர்கள்தான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ருசிக்காகப் போடலாம். மருந்து என்று நினைத்துக் கூடுதலாகப் போடக் கூடாது.

வீக் எண்டில் ஒயிட் டவுன் பக்கம் கஃபேக்களுக்குப் போகும் என் வயதுக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஐஸ்கிரீம், சிரப், க்ரீம் போட்டு உயரமான கிளாஸில் வரும் கோல்டு காபியைக் காபி கணக்கில் எழுதாதீர்கள், ஐஸ்கிரீம் கணக்கில் எழுதுங்கள்.

அன்று திட்டினார்கள், இன்று புகழ்கிறார்கள்!

ஒரு சுவாரஸ்யம். நூறு வருடத்துக்கு முன்பு காபி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தபோது அதற்கு ஏகப்பட்ட எதிர்ப்பு இருந்தது. நீராகாரமும் பழைய சோறும் இருந்த இடத்தைக் காபி பிடித்துவிட்டது, உடம்பைக் கெடுத்துவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தன் நூலில் இந்தக் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு அதே காபியை எடை குறைக்கும் மருந்து என்கிறார்கள். அன்று சொன்னதும் மிகை, இன்று சொல்வதும் மிகை.

நம் ஊர்க் காபியில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. சிக்கரி. நெப்போலியன் காலத்தில் கப்பல் போக்குவரத்து தடைபட்டுக் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரான்ஸில் சிக்கரி வேரை வறுத்துக் காபியோடு கலப்பது பெரிய அளவில் பரவியது. அந்தக் கலவை நம் ஃபில்டரிலும் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. சிக்கரியில் கஃபைன் கிடையாது. இந்திய விதிகளின்படி காபி-சிக்கரி கலவையில் சிக்கரி 49 சதவிகிதம் வரை இருக்கலாம், எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது பாருங்கள். பாதி சிக்கரி என்றால், டிகாஷன் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கஃபைன் குறைவு.

அப்படியானால் காபி நல்லதா, கெட்டதா?

அளவோடு குடிக்கும் ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் காபி எதிரி இல்லை. உலகம் முழுக்க 28 ஆய்வுகளில் கலந்துகொண்ட 11 லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வில், காபி குடிப்பவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வருவது குறைவாகக் காணப்பட்டது. கஃபைன் நீக்கிய காபியிலும் இதே நிலைதான். ஆகவே கஃபைன் மட்டும் காரணமில்லை, காபியில் உள்ள வேறு பொருள்களும் இருக்கலாம்.

ஆனால், காபிதான் சர்க்கரை நோயைத் தடுத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. காபி குடிப்பவர்களின் வாழ்க்கைமுறை வேறாக இருக்கலாம். அந்த நாடுகளில் பலர் குடிப்பதும் நம்மைப்போல இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் காபி அல்ல. எனவே, இதுவரை குடிக்காதவர்கள் சுகரைத் தடுப்பதற்காகக் காபியைத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவர்கள் பயந்து நிறுத்தவும் வேண்டியதில்லை.

எவ்வளவு குடிக்கலாம்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கஃபைனுக்கு ஒரு நாள் எல்லை 300 மில்லிகிராம் என்று சொல்லியிருக்கிறது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் கஃபைன் இருக்கிறது. ஆக, ஸ்ட்ராங்கான ஃபில்டர் காபி என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. இடையில் குடிக்கும் டீயையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமுக்குள் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு எல்லை வைத்திருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு, 'பாவம் கேக்குது' என்று அரை டம்ளர் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

எப்போது குடிக்கக் கூடாது?

எவ்வளவு என்பதைவிட இது முக்கியம். என் அம்மா விஷயத்தில்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பல வருடமாகத் தைராய்டு பிரச்னை. காலையில் எழுந்ததும் மாத்திரையை வாயில் போட்டு, காபியைக் குடித்து விழுங்குவார். இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்கே திக்கென்றது. தைராக்சின் மாத்திரையைக் காபியோடு எடுத்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. தைராய்டு அளவு கட்டுக்குள் வராவிட்டால் சோர்வு வரும், எடையும் கூடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா? இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

* சாப்பாட்டோடு வேண்டாம்: சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் பின்பும் காபி, டீயைத் தவிர்க்கச் சொல்கிறது அதே 2024 வழிகாட்டி. ரத்தச்சோகை உள்ள பெண்களும், வளரும் பெண் பிள்ளைகளும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.
* சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம்: குடித்த கஃபைனில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். தூங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபைன் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததாக 2013-ல் வந்த ஆய்வு சொல்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும், அதுவும் எடைக் கணக்கில்தான் போய்ச் சேரும்.
* பரிசோதனைக்கு முன் வேண்டாம்: வெறும் வயிற்றில் சுகர் டெஸ்ட் என்றால் தண்ணீர் மட்டும்தான். 'சர்க்கரை இல்லாத காபிதானே' என்று குடித்துவிட்டுப் போகாதீர்கள். பி.பி பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பும் காபி கூடாது.
* கொதிக்கக் கொதிக்க வேண்டாம்: 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் அறிவித்தது. இதில் குற்றவாளி காபி இல்லை, சூடுதான். டபராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு ஒரு சபாஷ்!

நெஞ்செரிச்சல், படபடப்பு, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்களுக்கு எவ்வளவு காபி சரி என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

சர்க்கரையைக் குறைப்பது எப்படி?

ஒரே நாளில் 'வித்தவுட்'டுக்கு மாறினால் மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிடும். எங்கள் வீட்டில் செய்தது இதுதான். இரண்டு ஸ்பூனை ஒன்றரை ஆக்கினோம். இரண்டு வாரம் கழித்து ஒன்று. அடுத்த இரண்டு வாரத்தில் அரை. நாக்கு மெதுவாகப் பழகிவிட்டது. பெரிய டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சின்ன டம்ளருக்கு மாறினோம். பால் டோன்டு பாலாக மாறியது. நாலு காபி இரண்டானது.

முன்பு கெட்டிப் பாலில் நாலு காபி, சுமார் 500 கலோரி. இப்போது டோன்டு பாலில் அரை ஸ்பூன் சர்க்கரையோடு இரண்டு காபி, சுமார் 140 கலோரி. பட்டினி இல்லை, ஜிம் இல்லை, எலுமிச்சையும் இல்லை. பாலை அடியோடு நிறுத்தவும் இல்லை. பாலில் புரதமும் கால்சியமும் இருக்கிறதே!

"எடை குறைஞ்சுதா?" என்று கேட்பீர்கள். மாயமெல்லாம் நடக்கவில்லை. ஆனால், ஆறு மாதம் அசையாமல் இருந்த முள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்திருக்கிறது. அம்மா மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, காபிக்காகக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவோடு வாக்கிங் போனேன். முடித்ததும் வழக்கம்போலக் கடைக்கு முன்னால் நின்றோம்.

"என்ன சார், வித்தவுட்டா?" என்றார் மாஸ்டர்.

"அரைச் சக்கரை போடுங்க மாஸ்டர்" என்ற அப்பா, வடைத் தட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானம்மா?"

ஒரு வடை வாங்கி, ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.